தோங்கா மாஸிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

இங்கே சாந்திநிகேதன் கலா பவன் கலைக் கல்லூரியில் எங்கள் கண்காட்சி நேற்று இரவு முடிந்தது. சுவரில் மாட்டியதையெல்லாம் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் மைதாப் பசை வாசம் இன்னும் போகவில்லை. திறப்புக்கு முன் எங்கள் அச்சுகளை நனைத்த அந்தக் கால்பைசாகி (வங்காளத்துக் கோடைப் புயல்) ராத்திரியைத் திரும்பவும் சொல்லப்போவதில்லை, படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஜன்னலைச் சாத்த மறந்தது யார் என்ற விசாரணையும் இனி வேண்டாம். நான்தான்.

மறுநாளே பணம் அனுப்பிய கும்பகோணத்து நண்பர்கள், படச்சட்டங்களைக் கடன் கொடுத்த சீனியர்கள், புரொஜெக்டரை மடியில் வைத்து பைக்கில் கொண்டுவந்த தம்பி, கண்காட்சி நடந்த நந்தன் கேலரி சாவியோடு இரவு பத்து மணி வரை முகம் சுளிக்காமல் காத்திருந்த ஊழியர், திறப்பு விழாவை ஒரு நாள் தள்ளிவைக்கச் சம்மதித்த ஆசிரியர்கள், எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதுவேன். இப்போது மாஸியைப் பற்றித்தான் எழுத வருகிறது.

மாஸி என்றால் நம் கணக்கில் சித்தி. எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறார். பழைய பேப்பரை எடைக்கு வாங்கி, பசை தடவி, தோங்கா ஒட்டி முறிக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். தோங்கா என்பது நம்மூர்க் கடலைப் பொட்டலத்தின் தங்கை. முறி என்பது பொரி. இரண்டு வருடமாகப் பார்த்தால் சிரிப்பதோடு சரி. அதற்கு மேல் பழக்கமில்லை.

புயலன்று நனைந்தவை 43 மரச்செதுக்கு அச்சுகள், அதாவது பலகையில் செதுக்கி மை தடவித் தாளில் எடுத்த படங்கள். எண்ணெய் மை தண்ணீரில் கரையாது, அது பயமில்லை. தாள்தான் பயம். ஒன்றோடொன்று ஒட்டினால் பிரிக்கும்போது பிய்யும், வெளியே காயப்போட்டால் அப்பளம் மாதிரி நெளியும், சும்மா விட்டால் இரண்டு நாளில் பூஞ்சை. ஒற்றி எடுக்கத் தாள் வேண்டும், நிறைய வேண்டும். கடைகள் மூடியாகிவிட்டது, கரண்டும் இல்லை. நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு அச்சைக் கையில் ஏந்திக்கொண்டு, குளிப்பாட்டிய குழந்தையை எங்கே கிடத்துவது என்று தெரியாதவர்கள் போல நின்றோம்.

மாஸி கதவில் நின்று ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போனவர் தலையில் ஒரு கட்டுப் பேப்பரோடு வந்தார். அப்புறம் இன்னொரு கட்டு. மேலே இருந்ததை நான் எடுக்கப் போனதும் கையைத் தட்டிவிட்டார். "அது இந்த வாரத்துப் பேப்பர், மை ஒட்டும். அடியில போன வருஷத்துது இருக்கு பாரும்மா, அதை எடு." அச்சுக்கலையில் முதுகலை படிக்கிறவள் நான்! எனக்கு அது தோன்றவில்லை.

இரவு முழுக்க மணிக்கொருதரம் தாள் மாற்றினோம். மேலே பலகை, பலகை மேல் செங்கல். ஈரத்தாளின் மூலையை நகத்தால் கிள்ளி ஒரே வீச்சில் உரிப்பதை மாஸி செய்த மாதிரி எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. விடிந்தபோது அவருடைய ஒரு மாதச் சரக்கு ஈரக்குவியலாகத் திண்ணையில் கிடந்தது. பணம் நீட்டினோம், வாங்கவில்லை. "காஞ்சா திரும்ப ஒட்டிக்கலாம். வந்து ஒட்டுங்க" என்றார். கண்காட்சி நடந்த நாட்களில் தினமும் காலை எட்டு முதல் பத்து வரை எங்களுக்கு அங்கேதான் வேலை. பசை வாசம் அப்படி வந்தது.

திரையிடலுக்கும் வந்தார், பேத்தியோடு. சத்யஜித் ராய் தன் ஆசிரியரான ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜியைப் பற்றி 1972இல் எடுத்த 'தி இன்னர் ஐ' போட்டோம். ராய் 1940களின் தொடக்கத்தில் இதே கலா பவனில் படித்தவர். முகர்ஜி 1950களில் கண்புரை அறுவைக்குப் பின் பார்வையை முழுதாக இழந்தும் வேலையை விடாதவர். இங்கேயே இந்தி பவனில் அவர் 1946-47இல் வரைந்த சுவரோவியத்துக்கு உதவிய மாணவர்களில் ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனும் ஒருவர், கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அந்தச் சொந்தத்தில்தான் படத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்ணனை ஆங்கிலம், ஜூனியர் பெண் ஒருத்தி மாஸியின் காதில் வங்காளத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். பார்வை போன பிறகும் முகர்ஜியின் கைகள் வேலை செய்வதைப் பார்த்து, மாஸி பாதிப் படத்தில் உரக்கவே சொன்னார்: "கரண்ட் போனா நானும் இப்படித்தான் ஒட்டுவேன்." கேலரியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது தொழில் சங்கதி.

இனி வீட்டில் ஒரு பேப்பரையும் எடைக்குப் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சாந்திநிகேதனில் இருக்கும்வரை எல்லாம் மாஸிக்கு. ஊரிலிருந்து வருகிறவர்களும் தமிழ்ப் பேப்பர் கொண்டுவாருங்கள், பக்கத்து ஊர் போல்பூர் முறி அதில் மடிந்து போகட்டும்.

நேற்று மாலை, படங்களைக் கழற்றும் முன் கேட்டுக்கு வெளியே ஜால்முறி வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலத்தைக் கசக்கப் போனபோது உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. பிரித்துப் பார்த்தேன். கடைசி வாரம் அடித்து மை சரியாகக் காயாத பனைமர அச்சு, அன்று ஒற்றிய பேப்பரில் பதிந்திருந்தது. பாதி மரம்தான் இருந்தது, இடம் வலம் மாறி, நான் பலகையில் செதுக்கியிருந்த அதே திசையில். கடுகெண்ணெய் பட்டு ஓலைகள் மட்டும் பளபளத்தன. மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.