அம்முணிக்கு, அந்த ஃபார்ம் பத்தி

கண்ணு, நல்லா இருக்கியா, சாப்பிட்டியா. போன்ல சொல்ல ஆரம்பிச்சா மீட்டிங்னு வச்சிடுற, வாய்ஸ் மெசேஜ் போட்டா ரெண்டு மடங்கு ஸ்பீடுல கேட்டுட்டு பாதிய விட்டுடுற, அதான் உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா நீயே திருத்திக்கோ.

திருப்பூர்ல பனியன் தொழில் பண்றவங்களுக்கு என்ன கோர்ஸ் வேணும்னு உங்க யுனிவர்சிட்டிக்காக கேட்டு நீ அனுப்புன ஃபார்ம உங்கப்பா நம்ம யூனிட் ஓனருங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டாரு. பத்து நிமிசத்துல 14 பேரு ஃபில் பண்ணிட்டாங்கன்னு உனக்கு ஒரே சந்தோசம். உள்ளதச் சொல்றேன், அதுல பாதிப் பேரு நம்ம புள்ள யுனிவர்சிட்டில வேலை பாக்குது, அதுக்கு ஒரு ஒத்தாசைன்னு டிக் அடிச்சவங்க. மொய் எழுதுற மாதிரி. உங்கப்பாவே டீக்கடைல நின்னுக்கிட்டு லீடர்ஷிப், டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஏஐ, ட்ரோன் வரைக்கும் எல்லாத்துக்கும் 'மிகவும் தேவை'ன்னு போட்டிருக்காரு. 22 மெஷின் வச்சு அடுத்தவங்க ஆர்டர கூலிக்கு, ஜாப் ஒர்க்கா தைக்கிற மனுசனுக்கு ட்ரோன் எதுக்குங்கன்னு கேட்டா, கேட்டிருந்துச்சு, வேண்டாம்னு போட்டா நல்லாவா இருக்கும்ங்கறாரு. இத நம்பி நீ ரிப்போர்ட் எழுதி, திருப்பூர்ல இந்த கோர்ஸுக்கெல்லாம் டிமாண்ட் இருக்குன்னு சொல்லி, அவங்களும் ஹால் புடிச்சு வாத்தியார் போட்டு, கடைசில நாலு பேர் வந்து உக்காந்தா யாரக் கேப்பாங்க, உன்னத்தான.

அதனால போன வாரம் டெலிவரி சலான் குடுக்கப் போன எடத்துக்கெல்லாம் ஒரு நோட்டும் எடுத்துட்டுப் போனேன். ஓவர்லாக் தையல் மெஷின்ல உக்காந்து, அப்புறம் செக்கிங் பாத்து, இப்ப கணக்கு பாக்குறவ நான், எங்கிட்ட யாரும் மரியாதைக்கு டிக் அடிக்க மாட்டாங்க. கோர்ஸ் வேணுமான்னே நான் கேக்கல. போன வருசம் எதுல காசு விட்டீங்கன்னு மட்டும் கேட்டேன்.

துணிய அமுக்கி அகலமும் கனமும் சரி பண்ற கம்பாக்டிங் மெஷின் வச்சிருக்காரே, பேரு வேண்டாம், சின்ன வயசுல அவங்க வீட்டு நாய்க்குட்டிய எடுத்துட்டு வரணும்னு அழுதியே, அவரு. உன் ஃபார்ம்ல டிஜிட்டல் மார்க்கெட்டிங்குக்கு டிக் அடிச்சவரு. நான் இதக் கேட்டதும் ஒண்ணும் பேசாம டிராயரத் தொறந்து ஒரு டெபிட் நோட்ட, அதான் துணி சரியில்லன்னு காசு புடிச்ச சீட்ட, எடுத்து மேசை மேல போட்டாரு. 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் கனம் கேட்ட சிங்கிள் ஜெர்சி பனியன் துணி 165ல போயிருக்கு. அந்த பையர் 5 பர்சண்ட் வரைக்கும்தான் விடுவான், அப்படின்னா 171க்குக் கீழ போகக்கூடாது. என்ன ஆச்சுன்னா 34 இஞ்ச் டயா, அதான் அகலம், வரவேண்டிய துணிய மெஷின்ல நின்ன பையன் 37க்கு இழுத்து விட்டுட்டான், அகலம் கூடுனா கனம் கொறையும், சப்பாத்தி மாதிரிதான. கட்டர்ல நூறு சதுர செண்டிமீட்டர் வட்டமா வெட்டி தராசுல வச்சா 1.65 கிராம் காட்டும், நூறால பெருக்குனா தீந்துச்சு. கட்டரும் தராசும் அங்கயேதான் இருந்துச்சு. இதுல என்ன கொடுமைன்னா அந்தப் பையன் வெட்டியும் பாத்திருக்கான், நோட்டுல 165னு அழகா எழுதியும் வச்சிருக்கான். 165 வந்தா மெஷின நிறுத்திட்டு ஓனருக்கு போன் போடணும்னு மட்டும் அவனுக்கு யாரும் சொல்லல. நான் அந்த நோட்டப் பாத்தேன் கண்ணு, முத்து முத்தான எழுத்து.

இத உன் ஃபார்ம்ல எந்தக் கட்டத்துல எழுதுவாரு அவரு, சொல்லு. இது க்ளாஸ் ரூம்ல நடத்துறதும் இல்ல, மெஷின் பக்கத்துல நின்னு நாலு மணி நேரம் சொல்லிக் குடுக்குறது. படிச்ச நேரத்துக்கு யுனிவர்சிட்டி கணக்குல ஏத்துற கிரெடிட், அது ஒண்ணுக்கு 30 மணி நேரம் வேணும்னு சொன்னல்ல, ஞாயித்துக்கிழமைக்கு 3 மணி நேரம்னு வச்சாலும் 10 வாரம் ஆகுது, நம்மூர்ல 10 வாரத்துல ஒரு ஆர்டர் வந்து துணி ஓடி தச்சு ஷிப்மெண்ட்டே போயிடும். கிரெடிட் வேணும்ங்கறது உங்களுக்கு, இங்க யாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

அப்புறம் இந்தி. சிரிக்காத. நம்ம லைன்லயே பாதிக்கு மேல ஒடிசா, பீகார் புள்ளைங்க. நம்ம சூப்பர்வைசர் அக்காவுக்கு ஜல்தி, டீக் ஹை ரெண்டும்தான் தெரியும், அத வச்சுக்கிட்டு டென்சன் லூசா இருக்கு, ஊசிய மாத்து, ஸ்டிட்ச் இஞ்சுக்கு இத்தன விழணும்னு எப்படிச் சொல்றது, கையக் காட்டி காட்டியே அவ கை வலிக்குதுங்கறா. அந்தப் புள்ளைங்களுக்கும் நம்ம தமிழ் வேணும், பஸ்ல ஏற, ஆஸ்பத்திரி போக. நான் போன 9 எடத்துல 6 எடத்துல இதத்தான் ஏதோ ஒரு மாதிரி சொன்னாங்க, ஆனா ஒருத்தரும் இத கோர்ஸுன்னு நினைக்கல. யுனிவர்சிட்டின்னா கம்ப்யூட்டர், எம்பிஏ அப்படித்தான் அவங்க மனசுல இருக்கு, அதனால ஃபார்ம்ல அதத்தான் எழுதுவாங்க.

எனக்கு என்ன கோர்ஸ் வேணும்னு நீ கேக்கவே இல்ல, இருந்தாலும் சொல்றேன். பாக்கி வசூல் பண்றது. எழுத்துல அக்ரிமெண்ட் இருந்தா அதிகபட்சம் 45 நாளைக்குள்ள, இல்லேன்னா 15 நாளைக்குள்ள நம்மள மாதிரி சின்ன யூனிட்டுக்கு காசு குடுத்தாகணும், குடுக்கலேன்னா குடுக்குற வரைக்கும் அவங்க அத இன்கம்டாக்ஸ்ல செலவா காட்ட முடியாதுன்னு 2024ல ஊரே பேசுச்சு. ஆனா சின்ன யூனிட்டுன்னு கவர்மெண்ட்ல பதிஞ்சதுக்குக் குடுக்கற உத்யம் நம்பர பில்லுல போடுறதே இந்தத் தெருவுல மூணு பேரு. யாருக்கு லெட்டர் எழுதுறது, என்னன்னு எழுதுறது, எழுதுனா அடுத்த ஆர்டர் குடுப்பானா, இதெல்லாம் தெரிஞ்சவங்க ஒரு சாயங்காலம் உக்காந்து சொன்னா நான் காசு குடுத்தே வருவேன், உங்கப்பாவையும் இழுத்துட்டு வருவேன்.

சாயங்காலம்னு சொன்னதும் ஞாபகம் வருது, உன் ஃபார்ம்ல 'வார நாட்கள் காலை 10 முதல் 4' ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத யாரு போட்டது? இங்க சீசன்ல ஒண்ணரை ஷிப்ட்டு, காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒரு நாள் கறி எடுக்கணும், துணி தொவைக்கணும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவங்க திரும்பி வர்ற வரைக்கும் கொஞ்ச நாள் லைன் காத்தாடும் பாரு, அப்பதான் ஓனரு விடுவாரு. அதையும் பாதி சம்பளம் குடுத்துதான் விடணும், அந்தக் காச யாரு குடுக்கறதுன்னு உன் ஃபார்ம்ல கேள்வியே இல்ல.

இன்னொண்ணு, ஓனரும் தொழிலாளியும் ஒரே ஆள் இல்ல. ஓனரக் கேட்டா ட்ரெய்னிங் குடுங்கம்பாரு, சர்ட்டிபிகேட்டுன்னா மட்டும் மொகம் மாறும், ஏன்னா பேப்பர் கைல வந்ததும் பீசுக்கு பத்து பைசா எச்சா குடுக்கற பக்கத்து கம்பெனிக்கு ஓடிடுவான்னு பயம். டைலரக் கேட்டா மொத கேள்வியே சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா அக்காதான். நீ ஓனர மட்டும் கேட்டு, உக்கார்றது டைலருன்னா எப்படி? ரெண்டு பேரையும் தனித்தனியா கேளு, முக்கியமா ஓனரு பக்கத்துல நிக்காதப்ப கேளு.

யாரக் கேக்கறதுன்னு நீ எக்ஸ்போர்ட்டர் லிஸ்ட் வாங்கி வச்சிருக்கறதா சொன்ன. அதுல பெரிய ஆளுங்கதான் இருப்பாங்க, அவங்க சொந்தமா ட்ரெய்னிங் சென்டரே வச்சிருப்பாங்க. நிட்டிங், சாயம், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காஜா பட்டன்னு ஒரு பனியன் பத்து வாசல் ஏறி எறங்குது, அந்தப் பத்துல முக்கால்வாசிப் பேரு எந்த லிஸ்ட்லயும் இல்ல. போர்டு கூட இருக்காது. சலான் புக்க வச்சு தொடர்ந்து போனாத்தான் கெடைப்பாங்க, என் சலான் புக்க வேணும்னா எடுத்துக்கோ.

எப்பக் கேக்குறோம்ங்கறதும் பாரு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 பர்சண்ட் வரி போட்டப்ப இதே ஆளுங்கள கேட்டிருந்தா கோர்ஸா, அட போம்மான்னு ஷட்டர சாத்தியிருப்பாங்க. ஆனா கேட்டா வராத தேவையும் இருக்கு. 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறைய எல்லாம் மூடச் சொன்னப்ப நீ ஸ்கூல் படிச்சிட்டு இருந்த, நொய்யல் ஆத்துல ஒரு சொட்டு சாயத்தண்ணி விடக்கூடாதுன்னு ஆர்டர். அதுக்கெல்லாம் பல வருசம் முன்னாடி சாயத்தண்ணிய சுத்தம் பண்ற ஆர்ஓ பிளாண்ட் ஓட்ட ஆளுக்கு ட்ரெய்னிங் வேணுமான்னு கேட்டிருந்தா எவ்வளவு பேரு ஆமான்னிருப்பாங்க? அப்புறம் அந்த வேலை தெரிஞ்ச ஆளுக்கு பட்ட பாடு எனக்குத் தெரியும், நமக்கு அப்ப மாசக்கணக்குல துணியே வரல, நகை அடகுக்குப் போச்சு. இப்ப ஐரோப்பாக்காரன் டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்டுன்னு 2024ல சட்டம் போட்டுட்டான், துணிக்கும் வருதாம், நூலு எங்க வாங்குன சாயம் எங்க போட்டன்னு எல்லாம் கேப்பானாம். நம்ம தெருவுல ஒருத்தருக்கும் தெரியல. அத அவங்கள கேட்டு எழுதாத, நீயா படிச்சு ரிப்போர்ட்ல தனியா எழுது.

கடைசியா ஒரு வேலை செஞ்சிட்டேன், திட்டாத. அந்த 9 எடத்துலயும் சேத்து 11 பேரு, ஓனரும் சூப்பர்வைசருமா, கட்டாயம் வர்றோம்னு சொன்னாங்க. சரி, ஆளுக்கு 500 ரூபாய் அட்வான்ஸ் குடுங்க, பேர எழுதிக்கறேன்னேன். ஒருத்தரு அப்புறம் ஜிபே பண்றேன்னாரு, இன்னும் பண்ணிட்டே இருக்காரு. கையில எண்ணிக் குடுத்தது மூணே பேரு: கம்பாக்டிங்காரரு, பிரிண்டிங் யூனிட்ல கணக்கெழுதுற பொண்ணு, அப்புறம் நம்ம சூப்பர்வைசர் அக்கா, அவ ஓனரு குடுக்கல, அதாவது உங்கப்பா குடுக்கல, அவளே அவ காசுல குடுத்தா. 14 டிக்க விட இந்த மூணு பேர எழுது உன் ரிப்போர்ட்ல.

1500 ரூபாய் என் சுருக்குப்பைல தனியா இருக்கு. கோர்ஸ் வைப்பாங்களா மாட்டாங்களான்னு உங்க ஆளுங்களக் கேட்டு இந்த சனிக்கிழமை சம்பளத்துக்குள்ள சொல்லிப்போடு, இல்லேன்னா அக்கா காச மட்டுமாவது அன்னைக்கே திருப்பிக் குடுத்துடறேன், அவ வீட்டு வாடகை நாள் அது.

அம்மா