நாலு நொடியில் ஓடிப்போன பெயர்கள்

உப்பனாற்றங்கரை உறவுகளுக்கும் திருப்பாதிரிப்புலியூர் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்டோபர் 15, அப்துல் கலாமின் பிறந்தநாளில், அவரைப் பற்றிய நம்ம படம் தொலைக்காட்சியில் வந்தது. பார்த்திருப்பீர்கள். கடைசியில் உங்கள் பெயர்கள் வந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். மொத்தம் 41 பெயர். அதைத் திரையோரம் ஒடுக்கி, நாலே நொடியில் ஓடவிட்டு, பக்கத்தில் சோப்பு விளம்பரம் போட்டுவிட்டார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இதிலும் பெயர் போடவில்லை. அது படகு கட்டும் தச்சர், நம்ம ஓடாவி ஐயாவின் உத்தரவு. "பேரு போட்டீன்னா கடன்காரன்லாம் தேடிக்கினு வருவான். சும்மா வுடும்மா." சரி, தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

ராமேஸ்வரத்தில் மூன்று நாள் எடுத்ததற்கே கைப்பணம் கரைந்துவிட்டது. சிறுவயதுக் காட்சிகளைக் கடலூர் முதுநகரில் முடித்துவிடலாம் என்று கிளம்பி வந்தேன். எந்த ஊர்க் கடலும் கடல்தானே என்கிற அலட்சியம். அது முதல் நாளே உடைந்தது.

கலாமுக்கு ஆறு வயசிருக்கும்போது அவருடைய அப்பா ஜைனுலாப்தீன், ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்ரீகர்களை ஏற்றிப்போக ஒரு மரப்படகு கட்டினார். கூட நின்றவர் அகமது ஜலாலுதீன். பிற்பாடு கலாமின் அக்கா சோஹராவைக் கட்டியவர். பொடியன் அதை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் காட்சி. ஆற்றங்கரையில் கிடந்த பழைய படகு ஒன்றில் இரண்டு பேரை ஆணி அடிக்கவிட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். ஓடாவி ஐயா வெற்றிலையை மென்றபடி அரைமணி நேரம் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒப்பேத்துறீங்களா? ஆணி அடிச்சிட்டா படகாயிடுமா? தீ காட்டாம பலக எப்புடி வளையும்?"

கேமராவை நிறுத்தினோம். விறகுத் தீயின் சூட்டில் படகு மரத்தைப் பதப்படுத்தியதைக் கலாமே நினைவுகூர்ந்திருக்கிறார். படித்துத்தான் இருந்தேன், அது என்னவென்று புரியாமல்.

அடுத்த இரண்டு நாள் இயக்குநர் நானல்ல, அவர்தான். படகின் அடிமரமான ஏராவை வைத்தார், குறுக்குக் கால்கள் பாதி நிறுத்தினார். வீட்டுப் பரணில் வைத்திருந்த இலுப்பைப் பலகையை இறக்கிக்கொண்டுவந்து, கீழே தீ மூட்டி, மேலே தண்ணீர் தெளித்து, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனையில், பலகை மெல்ல வளையும்போது ஒரு முனகல் கேட்கும். படத்தில் அதைப் பின்னணி இசை என்று சிலர் நினைத்துப் பாராட்டினார்கள். அது மரம். சுனாமிக்கு அப்புறம் எல்லாரும் ஃபைபர் படகுக்குப் போய்விட்டதில், அவர் மரத்தில் கைவைத்தே பல வருஷமாம். கூலி கொடுத்தபோது, பலகைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டார். ஐயா, அந்த மீதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அடுத்தவர் அச்சுக்கோப்பாளர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடுகிற வண்டியிலிருந்து பேப்பர் கட்டுகளை வீசுவார்கள். ஏஜெண்டாக இருந்த உறவினர் சம்சுதீனுக்கு உதவியாகக் கலாம் அவற்றைப் பிடிப்பார். அந்தக் காலத்து தினமணியைக் கம்ப்யூட்டரில் அழகாகச் செய்து, டீயைத் தெளித்துப் பழுப்பாக்கி வைத்திருந்தோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே பார்வைதான். "இந்த 'லை' 1978-க்கு அப்புறம் வந்ததாச்சே. உங்க யுத்தம் எந்த வருஷம்?" எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும், ணா, றா, னா சுழித்துக்கொண்டு போகும். மூடிக்கிடந்த அச்சகத்தைத் திறந்து, ஈய எழுத்தைத் துடைத்து, முதல் பக்கத்தை முழுக்கக் கையால் கோத்துக் கொடுத்தார். அவருக்கு மூன்று ராத்திரி வேலை. திரையில் இரண்டு நொடி.

ரயில் ஓட அனுமதியும் கிடைக்கவில்லை, ரயிலும் இல்லை. பேப்பர் கட்டைச் சின்ன லாரியிலிருந்துதான் வீசினோம். போட்டிருந்த சத்தத்தைக் கேட்டு, ஆவி எஞ்சினில் கரி அள்ளிப்போட்டு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். டீசல் எஞ்சினாம். அவரே எங்களைக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குக் கூட்டிப்போனார். நெல் அவிக்கிற பாய்லரின் ஆவியைத் திறந்து மூடி, திறந்து மூடி, தொடையில் தாளம் தட்டி வேகம் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் கேட்ட ரயில் அதுதான். ஆலைக்காரருக்கும் நன்றி, அன்றைக்கு அவருக்கு ஒரு மணி நேரம் வேலை கெட்டது.

டீக்கடை அண்ணன், வேட்டி தைத்துக் கொடுத்த அக்கா, நிழலுக்கு வீட்டுத் திண்ணையைத் தந்தவர்கள், உங்கள் எல்லாருக்கும் நேரில் வந்து சொல்லியிருக்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பையன் கரையில் ஓடும் காட்சியில், வலது ஓரத்தில் நீல நிற ஃபைபர் படகின் மூக்கு தெரிகிறது. சிங்காரத்தோப்புப் பிள்ளைகள் அன்றிரவே போன் போட்டுச் சிரித்தார்கள். 1979-இல் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநர் கலாமை முன்னால் நிறுத்தாமல் பத்திரிகையாளர்களிடம் பொறுப்பேற்றவர் அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனதும் கலாமைப் பேசச் சொன்னார். இதைப் படத்தில் மூன்று நிமிடம் உருகி உருகிச் சொல்லிவிட்டு, நீலப் படகைக் கேமரா தம்பி தலையில் கட்டினால் அடுக்குமா? தப்பு என்னுடையது.

கடைசியாக, நம்ம குட்டிக் கலாமும் அவன் ஆயாவும். விடியல் காட்சிக்கு நாலு மணிக்கு அவனை எழுப்பியதே தனிப் படம். போர்க்காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீர் கிராக்கி வந்து, கலாம் நாள் முழுக்கப் பொறுக்கி விற்றால் ஓரணா கிடைக்கும் என்று சொன்னேன். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று கணக்குப் போட்டவன், "எனக்கும் அவ்ளோதானாக்கா?" என்று முகம் தொங்கிப்போனான். உன் சம்பளம் ஆயா கையில் பத்திரமாக இருக்கிறது, ராஜா. கேட்டு வாங்கு.

வரும் ஞாயிறு மாலை சிங்காரத்தோப்பில் திரை கட்டுகிறோம். பெயர்ப்பட்டியல் இந்தத் தடவை ஆற அமர ஓடும். ஓடாவி ஐயா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாவது உட்காரட்டும். புளி உடைக்கிற இடத்திலிருந்து ஆயா வாங்கித் தந்த கொட்டைச் சாக்கையும் அன்றைக்கே கொண்டுவருகிறேன். ஒரு படி குறையும். பேரன்தான் பல்லாங்குழிக்கு எடுத்துப்போனான்.

அன்புடன்,
படம் எடுத்தவள்