முற்றத்தில் கல் போட வேண்டாம், மகனே

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நாங்களும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், நீ வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தாய். கிழக்குப் பக்கம் காடு பிடித்துக் கிடக்கிறது, பணம் அனுப்புகிறேன், எல்லாம் வெட்டிவிட்டு இன்டர்லாக் கல் போட்டுவிடுங்கள் என்றாய். எங்கள் காலில் சேறு படக்கூடாது என்று நினைத்துச் சொன்னாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடம் அப்படியே இருக்கட்டும், மக்களே.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அங்கே நின்ற பலாமரம் வேரோடு சாய்ந்தது நினைவிருக்கிறதா? மரம் போனபிறகுதான் அந்த மூலைக்கு வெயில் வந்தது. தும்பை, மூக்குத்திப்பூ, தொட்டாச்சிணுங்கி எல்லாம் தானாக முளைத்தவை. வேலியில் சங்குப்பூவும் துளசி வரிசையும் மட்டும் நான் வைத்தவை. அதற்குப் பக்கத்து மண்ணில்தான் இன்றைக்கு நம் வீட்டுக் காய்கறி எல்லாம் நிற்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காதே என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

மாசியில் விதை போட்டேன். மத்தன் என்கிற பூசணி, பாகல், புடல், பயறு, கொஞ்சம் வழுதலை, அதாவது கத்தரி. பங்குனி வெயில் இந்த வருஷம் கடுமை, கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. ரப்பர் விளையில் உதிர்ந்து கிடந்த சருகை அப்பா சாக்கில் வாரிக்கொண்டு வந்தார். அதைத் தடம் முழுக்கப் பரப்பினோம். கொடிகளுக்குப் பக்கத்தில் தேங்காய்த் தொண்டுகளை, அதாவது உரித்த மட்டைகளை, குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி புதைத்து வைத்தேன். ஊற்றுகிற தண்ணீரைத் தொண்டு குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும். வெயில் தாழ்ந்த பிறகு வேர்ப்பக்கம் மட்டும் ஊற்றினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். உச்சிவெயிலில் இலை துவண்டு தொங்கினாலும் பயப்படாமல் விட்டுவிடுவேன். சாயங்காலம் அதுவே நிமிர்ந்துவிடும்.

தண்ணீரும் சாணியும் நம் கையில் இருக்கிறது. காய் பிடிப்பது நம் கையில் இல்லை. மத்தனில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூதான், அது உதிர்வதைப் பார்த்து வருத்தப்பட வேண்டியதில்லை. அப்புறம் அடியில் சின்னக் காயோடு பெண்பூ வரும். அது விடியும்போது விரியும், வெயில் ஏறி உச்சிக்கு வருவதற்குள் வாடிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தேனீ ஆண்பூவின் மகரந்தத்தைக் கொண்டு வந்து சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். புடலம்பூவோ பொழுது சாய்ந்த பிறகு விரிவது. அதற்கு அந்துப்பூச்சி வரவேண்டும். வழுதலைக்குச் சாதாரணத் தேனீ பெரிய உதவி இல்லை. அதன் மகரந்தம் சின்னக் குழலுக்குள் அடைந்து கிடக்கும், பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் போட்டு உலுக்கினால்தான் நன்றாகக் கொட்டும். அதைச் செய்வது கரிய பெரிய வண்டும், வயிற்றில் நீல வரி போட்ட ஒரு தேனீயும். காலையில் காபியோடு நின்று இதைப் பார்ப்பதில் எனக்கு இருக்கிற சந்தோஷம் கொஞ்சமல்ல.

இவையெல்லாம் எங்கிருந்து வரும்? நம் மத்தன் பூக்கிற நாலு வாரத்தை நம்பி எந்தத் தேனீயும் பிழைக்க முடியாது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் பெட்டிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ரப்பர் பழைய இலையை உதிர்த்துப் புது இலை விடுகிறபோது, அந்த இலைக்காம்பின் நுனியில் தேன் கசியும். நம் குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி பூவில் இருந்து அல்ல, அந்த இலையில் இருந்து வருவது. அது மாசி, பங்குனியோடு முடிந்துவிடும். பிறகு தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஆவணி வரைக்கும் பஞ்சம்தான். பெட்டிக்காரர்கள் சீனிப்பாகு காய்ச்சி வைத்துத்தான் கூட்டைக் காப்பாற்றுகிறார்கள். பெட்டி இல்லாத வண்டுகளுக்கும் பூச்சிகளுக்கும் யார் பாகு வைப்பார்கள்? மூக்குத்திப்பூதான் வருஷம் முழுக்கப் பூக்கிறது. தொட்டாச்சிணுங்கியின் ரோஸ் நிற உருண்டைப்பூவில் காலையில் மகரந்தம் எடுக்கத் தேனீ மொய்க்கிறது. சித்திரையில் நாலு கோடைமழை விழுந்ததும் தும்பையும் முளைத்துவிட்டது. உனக்குக் காடாகத் தெரிவது அவற்றின் சாப்பாட்டுக்கடை.

இன்னொன்று. பயற்றங்கொடியில் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பியிருந்தது. மருந்து எதுவும் நான் அடிக்கவில்லை. கொஞ்ச நாளில் பொறிவண்டு வந்து, அதன் குஞ்சுகளும் சேர்ந்து தின்று தீர்த்தன. பாகலுக்குப் பழ ஈதான் தொல்லை. பிஞ்சிலேயே காகிதத்தைச் சுருட்டிக் கட்டிவிடுகிறேன், சொத்தை பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

பாம்பு பற்றிக் கேட்டாய். அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட மாட்டேன், பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடு. வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு ஆள் நீளத்துக்குச் செடி இல்லாமல் வைத்திருக்கிறேன். கிணற்றுக்கும் குளியலறைக்கும் போகிற வழியைக் களைவெட்டியால் சுரண்டிச் சுத்தமாக வைக்கிறோம். பழைய ஓடும் விறகும் அடுக்கியிருந்த குவியலை அப்பா தூரத்துக்கு மாற்றிவிட்டார். எலி ஒளிகிற இடம் அதுதான், எலி இருந்தால் பாம்பு தேடி வரும். இருட்டில் டார்ச் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை.

கல் போட்டால் மழைத்தண்ணீர் ரோட்டுக்கு ஓடிவிடும், கிணற்றுக்கு வராது. பங்குனியில் கல்லின் சூடு ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள் வீசும். காசு போட்டு இதை வாங்க வேண்டுமா?

பணம் அனுப்பத்தான் வேண்டும் என்று உனக்கு இருந்தால், கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது, அதைப் பூசலாம். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துக் கிணற்றுக்கு இறக்கவும் அப்பாவுக்கு ஆசை. வைகாசி பாதிக்கு மேல் மழை வந்துவிடும், அதற்கு முன் கொத்தனாரிடம் பேச வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு எப்போது என்று எழுது. பறிக்காமல் கொடியிலேயே ஒரு மத்தன் முற்ற விட்டிருக்கிறேன், எரிசேரி வைக்க. பேத்திக்குப் பாகல் பிடிக்காது என்று மருமகள் சொன்னாள். தேங்காய் நிறையப் போட்டுத் துவரன் வைத்தால் அவள் சாப்பிடுவாள், பார்.

அன்புடன்
அம்மா