அப்பாவுக்கு ஒரு பெயிண்ட் வேலை சமாச்சாரம்

ஆல்பகர்க்கி, நியூ மெக்சிகோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா, அம்மாவோட மூட்டு வலி எப்படி இருக்குது, தைலம் தேய்க்கறாங்களா இல்ல வேலை வேலைன்னு விட்டுட்டாங்களா. நாங்க எல்லாரும் சௌக்கியம். வீடியோ கால்ல எனக்குப் பின்னாடி மேஜை மேல மாட்டு மண்டையோடு இருந்ததைப் பாத்துட்டு அம்மா ரொம்ப பயந்துட்டாங்க, வீட்டுக்குள்ள எலும்பை வச்சா ஆகுமான்னு கேட்டு திட்டிட்டு போனை உங்க கையில குடுத்துட்டாங்க, நீங்களும் என்ன கண்ணு இதுன்னு கேட்டீங்க, அதுக்குள்ள நெட் போயிடுச்சு. அதான் எழுதியே சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன். அந்த மண்டையோட்டுக்கு நான் பெயிண்ட் அடிக்கறேன், இது நம்ம தொழில் அப்பா, நீங்க பஸ் பாடிக்கு பண்ற அதே வேலைதான்.

இந்த ஊரு கடல் மட்டத்துல இருந்து 5000 அடிக்கு மேல இருக்குது. மழை ரொம்ப கம்மி, காத்துல ஈரமே கிடையாது, துணியைக் காயப்போட்டா எடுக்கறதுக்குள்ள மொறுமொறுன்னு ஆயிடும். புரட்டாசி மாசம் வந்தா மளிகைக் கடை வாசல்லயே பெரிய கம்பி வலை டிரம்ல பச்சை மிளகாயைக் கொட்டி கேஸ் நெருப்புல சுத்தி சுத்தி சுடுவாங்க, தெரு பூரா அந்த வாசம், எனக்கு ஊர் ஞாபகமே வந்துடும். டவுனைத் தாண்டுனா மாட்டுப் பண்ணைங்க. ஏக்கர் கணக்குல மேய்ச்சல் காடு, அதுல செத்துப்போன மாடு அங்கயே கிடந்து வெயில்லயும் பூச்சிலயும் சுத்தமாகி மண்டையோடு வெள்ளையா மிஞ்சும். அதை இங்க யாரும் அபசகுனமா நினைக்கறதில்ல, பண்ணை கேட்டு மேல, வீட்டு வாசல் மேல, கடைச் சுவத்துல எல்லாம் மாட்டி வச்சிருப்பாங்க. இதை அம்மாகிட்ட மறக்காம சொல்லுங்க.

என் விசால வேலைக்குப் போக முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டுல ஒரு வயசான அம்மா இருக்காங்க, பண்ணையிலயே பொறந்து வளந்தவங்க, அவங்க கராஜ்ல மண்டையோட்டுக்கு கலர் பண்றதைப் பாத்துட்டுதான் நானும் போக ஆரம்பிச்சேன். எங்கப்பா பஸ்ஸுக்கு பெயிண்ட் அடிக்கறவர்னு சொன்னதும் தேய்க்கற வாட்டர் பேப்பரை எடுத்து என் கையில குடுத்துட்டாங்க.

முதல்ல எலும்பை தயார் பண்ணணும், பெயிண்ட் நிக்கறதும் உரியறதும் அதுலதான் இருக்குது. நீங்க தகரத்துல துரு எடுக்காம பிரைமர் தொட விடமாட்டீங்களே, இங்க துருவுக்குப் பதிலா கொழுப்பு. எலும்புக்குள்ள கொழுப்பு ஊறி இருக்கும், அதை வேக வச்சு எடுக்கலாம்னு நினைச்சா ஆபத்து, கொதிக்க விட்டா கொழுப்பு இன்னும் உள்ள போய் உக்காந்துக்கும், அப்புறமா மஞ்சளா வெளிய கசிஞ்சு மேல இருக்கற பெயிண்டைத் தூக்கிடும். அதனால வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவற சோப்பைப் போட்டு ஊற வச்சு, தண்ணி கலங்கக் கலங்க மாத்திக்கிட்டே இருப்பாங்க, வாரக்கணக்குல ஆகும். வெள்ளையாக்க மருந்துக்கடைல கிடைக்கற ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பிளீச்சிங் கிட்டயே கொண்டு போகக்கூடாது, எலும்பு நாளாவட்டத்துல உதிர ஆரம்பிச்சுடும். கொம்போட மேல் ஓடு தனியா கழண்டு வரும், உள்ள எலும்புத் தண்டு பொத்தல் பொத்தலா இருக்கும், அது எனக்கு இங்க வந்துதான் தெரியும், நம்மூர்ல வருசா வருசம் மாட்டுப் பொங்கலுக்கு மிச்ச எனாமலைக் கொண்டுவந்து அக்கம்பக்கத்து மாட்டுக் கொம்புக்கெல்லாம் நீங்க அடிச்சுக் குடுப்பீங்களே, அப்ப நான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.

இனிமேதான் விசயம். எலும்பு காஞ்சதும் ஜெஸோன்னு ஒரு வெள்ளை பிரைமர் ரெண்டு கோட். அது மேல அதே ஜெஸோவைக் கெட்டியா எடுத்து குச்சியால புள்ளி புள்ளியா, மேடு மேடா வச்சு காய விடணும். அப்புறம் அக்ரிலிக் பெயிண்ட், மஞ்ச ஒரு கோட், சிவப்பு ஒரு கோட், கறுப்பு, வெள்ளை, இந்த ஊர்க்காரங்க உயிரா நினைக்கற டர்காய்ஸ் கல்லோட அந்த பச்சை கலந்த நீலம், திரும்ப மஞ்ச, இப்படி பத்து பன்னெண்டு கோட் கூட போகும், ஒவ்வொண்ணும் நல்லா காஞ்சாதான் அடுத்தது. கடைசில பாத்தா முழுக்க ஒரே கறுப்பா மொத்தையா இருக்கும், கீழ இருக்கறது ஒண்ணும் தெரியாது. அப்பதான் தண்ணி தொட்டு 320 நம்பர் பேப்பர்ல தேய்ப்போம்.

அப்பா, அதை நீங்க நேர்ல பாக்கணும். மேட்டோட உச்சிலதான் முதல்ல தேயும், கறுப்பு போய் நீலம் எட்டிப் பாக்கும், நீலத்துக்கு நடுவுல சிவப்பு, அதுக்கு நடுவுல மஞ்ச, வெங்காயத்தைக் குறுக்க வெட்டுனாப்பல வளையம் வளையமா தெரியும். புள்ளி வைக்காத இடத்துலயும் எலும்பே டிசைன் குடுக்குது. கண்குழி விளிம்பு, நெத்தி மேடு இங்கெல்லாம் சீக்கிரம் தேஞ்சு அடிக்கலர் வந்துடும், ஆனா மண்டையோட்டு எலும்புங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடத்துல நெளிநெளியா ஒரு கோடு ஓடும் பாருங்க, அந்தப் பள்ளத்துக்குள்ள பேப்பர் போகாது, கடைசியா அடிச்ச கலர் அங்க மட்டும் அப்படியே தங்கிடும். சுத்தி எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும்போது அந்த ஒரு கோடு மட்டும் கறுப்பா நிக்கும். அதுக்கப்புறம் 600, 1000னு இன்னும் நைசான பேப்பர் போட்டு வழவழன்னு ஆக்கிடுவோம். மூக்கு எலும்பு மட்டும் ரொம்ப மெலிசு, அங்க பேப்பரை விரல்ல சுத்தி தொட்டும் தொடாமத்தான் தேய்க்கணும்.

உங்க பட்டறைல பட்டி வச்சு தேய்க்கறது பள்ளம் மேடு தெரியாம இருக்க, அடியில கோட் தெரிஞ்சுட்டா திரும்ப அடிக்கச் சொல்லுவீங்க. இங்க அடியில இருக்கறதை வெளிய கொண்டு வர்றதுக்குத்தான் தேய்க்கறதே. எங்க நிறுத்தறதுங்கறதுதான் கஷ்டம், அதைக் கை சொல்லும்னு அந்தம்மா சொல்றாங்க, எனக்கு அது உங்களைப் பாத்தே பழகிப்போன விசயம், ஒரு கையால தேய்ச்சுட்டே இன்னொரு கை விரலால தடவிப் பாப்பீங்களே, நானும் அப்படித்தான் பண்றேன்.

இந்த ஊர் மண்டையோட்டை உலகத்துக்கே காட்டுனது ஜார்ஜியா ஓகீஃப்னு ஒரு ஓவியர். 1929ல நியூயார்க்ல இருந்து கோடைக்கு இந்த நியூ மெக்சிகோ பக்கம் வந்தாங்க, மாட்டெலும்பையெல்லாம் பொறுக்கி பீப்பாய்ல கட்டி நியூயார்க்குக்கே அனுப்பி வச்சு, அதைப் பாத்து பாத்து வரைஞ்சாங்க. 1931ல வரைஞ்ச சிவப்பு வெள்ளை நீலத்துக்கு நடுவுல ஒரு மாட்டு மண்டையோடு, அதுதான் ரொம்ப பேமஸ். அவங்க எலும்பு மேல பெயிண்ட் அடிக்கல, எலும்பைத்தான் கேன்வாஸ்ல வரைஞ்சாங்க. அப்புறம் இங்கயே குடி வந்து 98 வயசு வரைக்கும் இருந்தாங்க. சாண்டா ஃபேல அவங்க பேர்ல மியூசியம் இருக்குது, நீங்க வரும்போது கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்.

காட்டுல கிடக்கற எல்லா எலும்பையும் எடுத்துடவும் முடியாது. நேஷனல் பார்க்ல ஒரு துண்டு எலும்பைக் கூட தொடக்கூடாது, பெரும்பாலான காட்டுப் பறவைங்களுக்கு சட்டம் இருக்குது, கழுகு மாதிரி பறவையோட மண்டையோடு என்ன, அனுமதி இல்லாம ஒரு இறகு வச்சிருந்தாலே தப்பு. எனக்கு இந்தக் கட்டுப்பாடு சரின்னுதான் படுது. நாங்க எடுக்கறது பண்ணைக்காரங்க குடுக்கற மாட்டுத்தலை மட்டும்தான்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. எலும்புத் தூளும் பெயிண்ட் தூளும் நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல்னு அந்தம்மா மாஸ்க் இல்லாம பேப்பரைத் தொடவே விடறதில்ல, தண்ணி தொட்டு தேய்க்கறதும் தூள் பறக்காம இருக்கத்தான். நீங்க இத்தனை வருசமா வெறும் துண்டை மூக்குல கட்டிக்கிட்டு ஸ்பிரே கன் பிடிக்கறீங்க, காலையில எந்திரிச்சதும் இருமறீங்க, அது எனக்கு போன்லயே கேக்குது. பில்டர் வச்ச மாஸ்க் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன், ஊருக்கு வர்ற பிரண்டுகிட்ட குடுத்து விடறேன், ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு ஹெல்பர் பையனுக்கு. தயவுசெஞ்சு போடுங்கப்பா.

கடைசியா ஒரு வேலை இருக்குது உங்களுக்கு. அந்தம்மா ஒரு மோதிரம் போட்டிருக்காங்க, கல்லு பூரா வரி வரியா கலர். கேட்டா அது கல்லே இல்ல, கார் பெயிண்டாம். அந்தக் காலத்துல டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனிங்கள்ல கையால ஸ்பிரே பண்ணும்போது காரைத் தூக்கிப் போற ஸ்டாண்டு மேலயும் தண்டவாளத்து மேலயும் பெயிண்ட் படிஞ்சு, ஒவ்வொரு காரும் ஓவனுக்குப் போகும்போது அதுவும் கூடவே வெந்து, நூத்துக்கணக்கான லேயரா கெட்டியாயிடுமாம், அதை வெட்டி பாலிஷ் போட்டு நகையா பண்ணிட்டாங்க, ஃபோர்டைட்னு பேரு. உங்க பட்டறைல ஸ்பிரே பண்ற மூலையில அந்த இரும்பு ஸ்டாண்டு இருக்குதே, அது மேல எத்தனை பஸ்ஸோட கலர் படிஞ்சிருக்கும். உளியால ஒரு துண்டு பேத்து எடுத்து, 400ல ஆரம்பிச்சு சாய்வா தேய்ச்சுப் பாருங்க, என்னென்ன கலர் வருதுன்னு வாட்ஸப்ல போட்டோ அனுப்புங்க. நல்ல துண்டா இருந்தா அம்மாவுக்கு செயின்ல கோக்க ஒரு டாலர் பண்ணிடலாம்.

உங்க அன்பு மகள்