பழைய கட்டடம், புதிய ஆய்வகம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியையின் கடிதம்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் முன்பக்கக் கட்டடம் இடிக்கப்படப்போகிறது என்று ஊரில் எழுந்துள்ள பேச்சு உண்மையன்று. பள்ளிக் குழுவும் முன்னாள் மாணவியர் சங்கமும் கூடி எடுத்த முடிவின்படி அக்கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு நூலகமாக நிலைக்கும். மேல்நிலை வகுப்புகளுக்கான புதிய ஆய்வகங்களும் கழிப்பறைகளும் பின்பக்கத் திடலை ஒட்டி அமையும்.

தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை அது. ஐப்பசி மழையில் ஒழுகும்போதெல்லாம் மேலே சிமெண்ட் பூசிவந்ததால், உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றி உத்திரத்தின் முனைகளில் தங்கிவிட்டது என்று பார்வையிட்ட பொறியாளர் கூறினார். இம்முறை சிமெண்ட்டைப் பெயர்த்தெடுத்து, கடுக்காய் நீர் சேர்த்துப் புளிக்கவைத்த சுண்ணாம்பாலேயே பூச இருக்கிறோம். செலவு கூடும், நாளும் ஆகும். ஆயினும் அந்தக் கூரைக்கு அதுவே பொருந்தும். முகப்பில் பெரிய அலங்கார வளைவு ஒன்று எழுப்பலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. மாதவிடாய் நாள்களில் பிள்ளைகள் விடுப்பு எடுக்காமல் இருப்பதற்கு நல்ல கழிப்பறை வேண்டும். வளைவு பிறகு வரட்டும்.

கட்டடத்தைவிட நாம் காக்கவேண்டிய சொத்து அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் என்பது என் கருத்து. பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த நாள் ஆகியவற்றுக்குப் பின், கடைசிக் கட்டத்தில் 'நீங்கிய காரணம்' இருக்கிறது. பழைய பக்கங்களில் அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனால் 'திருமணம்', 'வீட்டு வேலை', 'பெரியவளானதால்' என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. 'படிப்பு முடிந்தது' என்பது அருகியே காணப்படுகிறது. 1978இல் பெண்ணின் திருமண வயது சட்டப்படி 18 ஆக உயர்த்தப்பட்ட பின்னரும் 'திருமணம்' உடனே மறைந்துவிடவில்லை. தாள்கள் நொறுங்குவதற்கு முன் இவற்றை ஒளிப்படமாக்கி, மூலங்களை நூலகத்தில் வைக்க இருக்கிறோம். அவற்றில் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களும் இருக்கக்கூடும் என்பதால், குடும்பத்தாரின் ஒப்புதலின்றி எந்தப் பக்கமும் பொதுப் பார்வைக்கு வைக்கப்படாது.

நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்களுக்கென உயர்கல்விக்கூடம் இல்லாததால் ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில், பலர் எதிர்த்த நிலையிலும், இடம் பெற்றுப் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய தந்தை கல்வியாளர், மன்னரும் துணைநின்றார். அத்தகைய துணை வாய்க்காத வீட்டுப் பெண்ணும் படிக்கவேண்டும் என்பதற்காகவே நம் பள்ளி போன்றவை தோன்றின. 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கத்தின்போது இம்மாவட்டத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாக மிதிவண்டி ஓட்டக் கற்றதை உங்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அன்று கேலி பேசிய தெருக்களில் இன்று நம் பதினோராம் வகுப்பு மாணவியர் அரசு தந்த மிதிவண்டியில் பள்ளிக்கு வருகிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இனி வரும் ஆண்டுகளுக்கான திட்டத்தைப் பதிவேட்டின் அந்த 'நீங்கிய காரணம்' கட்டத்தை வைத்தே வகுத்திருக்கிறோம். இன்று நம் மாணவியர் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதன்பின் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை மதிப்பெண்ணைவிடப் பேருந்து வசதியே பல வீடுகளில் முடிவுசெய்கிறது. அறிவியல் பிரிவில் சேர விரும்பும் பிள்ளை, ஆய்வகம் போதாது என்று வேறு பள்ளிக்குப் போவதும் நடக்கிறது. புதிய ஆய்வகங்கள் இந்த இரண்டாவது குறையைத் தீர்க்கும். முதலாவது குறைக்கு உங்கள் ஒத்துழைப்பு வேண்டும்.

இங்கு ஒரு செய்தியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, 'புதுமைப் பெண்' என்ற பெயரில் கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. முதலில் அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு மட்டுமே இருந்த இத்திட்டம், 2024 டிசம்பரில் நம்மைப் போன்ற அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை இத்தகைய பள்ளிகளில் படித்திருக்கவேண்டும் என்பது விதி. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்ததும் பிள்ளையைத் தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாற்றினால் அவள் இந்த உரிமையை இழப்பாள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருமுன் ஒருமுறை என்னிடம் பேசுங்கள். தொகை மாணவியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்வதால், அவள் பெயரில் கணக்கு தொடங்கி ஆதாருடன் இணைத்துவிடுங்கள். அந்தப் பணம் அவள் படிப்புக்கே உரியது என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

கட்டட வேலை கோடை விடுமுறையில் தொடங்கும். அதுவரை முன்பக்கத் தாழ்வாரத்தில் வகுப்புகள் நடைபெறா. ஆறாம், ஏழாம் வகுப்பினர் கலையரங்கில் அமர்வார்கள். பணிக்காகப் பெற்றோரிடம் கட்டாய நன்கொடை எதுவும் வசூலிக்கப்படாது, யாரேனும் பள்ளியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அலுவலகத்தில் தெரிவியுங்கள். வரைபடங்களைப் பார்க்கவும் ஐயங்களைக் கேட்கவும் அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்கு வாருங்கள். கூட்டத்திற்குத் தந்தையர் மட்டுமே வருவது இங்கே வழக்கமாக இருக்கிறது. அம்மாக்களும், இப்பள்ளியில் படித்த பாட்டிமார் இருந்தால் அவர்களும், தங்களிடமுள்ள பழைய ஒளிப்படம் அல்லது தேர்ச்சி அட்டையுடன் அவசியம் வரவேண்டும். அவற்றைப் படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியை