செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பள்ளிக் குழந்தைகளுக்கான சமையல் வகுப்புகள்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். இந்த அறிக்கை வகுப்புகளைப் பற்றியது மட்டுமே.

ஜூன் மாதமே அச்சடித்துக் கொடுக்கும் சமையல் பட்டியலை இந்த ஆண்டு கைவிட்டோம். பட்டியலில் ஐப்பசிக்குத் தக்காளித் தொக்கு என்றிருக்கும். அடைமழையில் தக்காளி விலை ஏறிவிடும். வருகிற பழமும் வெடித்து, தண்ணீர் கோத்து வரும். மார்கழிக்கு முருங்கைக்காய் சாம்பார் என்றிருக்கும். அந்த மாதத்தில் முருங்கைக்காய் குதிரைக் கொம்பு. அதே காய் சித்திரை, வைகாசியில் சீந்துவாரின்றிக் கிடக்கும். ஆகவே முதலில் சந்தை, பிறகுதான் சமையல் என்று முறையை மாற்றினோம். அன்றைக்கு எது மலிந்து கிடக்கிறதோ அதுவே பாடம். முன்கூட்டியே திட்டமிட முடியாதே என்று பயிற்றுநர்கள் சிலர் தயங்கினார்கள். மசியல், கூட்டு, பொரியல், துவையல், குழம்பு என்ற ஐந்து முறைகளும் கைவந்துவிட்டால் எந்தக் காய் வந்தாலும் அவற்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும் என்பதே அதற்குப் பதில்.

சந்தை வகுப்பு

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் நம் மதுரையில், அண்ணா நகரில்தான் தொடங்கியது. வகுப்பும் அங்கேயே தொடங்குகிறது. காலை ஆறரைக்குள் போய்விட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் நல்ல கீரை இருக்காது. பிள்ளைகள் நேராகக் கடைக்குப் போவதில்லை. அன்றைய விலைப்பலகையை முதலில் படித்து, போன வாரத்தைவிட எது ஏறியது, எது இறங்கியது என்று நோட்டில் எழுதுகிறார்கள். விலை இறங்கியவற்றில் ஒன்றைத்தான் வாங்கலாம்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதைத் தடை செய்திருக்கிறோம். ஒடித்த காயை அடுத்தவர் வாங்கமாட்டார், நட்டம் விவசாயிக்கு. நுனியை லேசாக வளைத்தாலே பிஞ்சு எது, முற்றல் எது என்று தெரிந்துவிடும். கத்தரிக்குக் காம்பு பச்சையாக இருக்க வேண்டும், தோல் மினுங்க வேண்டும், ஊசித்துளை இருக்கக் கூடாது. பீர்க்கங்காய், சுரைக்காய் வாங்கினால் சமைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். கசந்தால் அந்தக் காய் குப்பைக்கு. கசப்புச் சுரைக்காய் கடுமையான வாந்தி, பேதியை உண்டாக்கும். வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று பெற்றோருக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

கீரை மசியல்

எல்லாக் குழுக்களுக்கும் முதல் பாடம் இதுதான். அடுப்புக்கு ஆறு பிள்ளைகள். ஆய்ந்த சிறுகீரை அல்லது அரைக்கீரை கால் கிலோ, பாசிப்பருப்பு 50 கிராம், சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு நான்கு பல், பச்சை மிளகாய் ஒன்று, சீரகம் அரைத் தேக்கரண்டி.

தவறு நடப்பது பெரும்பாலும் அலசும்போதுதான். கீரையைப் பாத்திரத்தில் அலசிவிட்டு அப்படியே வடிதட்டில் கவிழ்ப்பார்கள். அடியில் தங்கிய மணல் மறுபடி கீரையின் தலையிலேயே விழும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அமிழ்த்தி ஆட்டி, இரண்டு நிமிடம் விட்டு, கீரையை மட்டும் இரு கையாலும் அள்ளி எடுக்க வேண்டும். பிறகுதான் தண்ணீரைக் கொட்டுவது. அடியில் மணல் தெரியாதவரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் நான்கு, ஐந்து தண்ணீர்கூட ஆகும்.

அடுத்தது உப்பு. சட்டி நிறையக் கீரையைப் பார்த்து உப்புப் போட்டால் கரிக்கும். வெந்ததும் கீரை ஒரு பிடியாகிவிடும். சுண்டிய பிறகு அரைத் தேக்கரண்டியில் தொடங்கிச் சுவை பார்த்துச் சேர்க்கலாம். மூடி போட்டு வேகவைத்தால் கீரையிலிருந்து வரும் புளிப்பு ஆவி வெளியேற வழியில்லாமல் பச்சை நிறம் பழுப்பாகிறது. திறந்த சட்டியில் ஏழெட்டு நிமிடம் போதும். புளி சேர்ப்பதாக இருந்தால் கடைசியில். கடைவதற்கு மத்துதான், மிக்ஸியில் அடித்தால் கொழகொழவென்று பசைபோல் ஆகிவிடுகிறது.

தை மாதக் குழம்பு

ஆண்டின் சிறந்த வகுப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் பொங்கலை ஒட்டி நடந்த பல காய்க் குழம்பைத்தான் சொல்வேன். பச்சை மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி, அவரை, பரங்கி எல்லாம் ஒன்றாகச் சந்தையில் குவிகிற மாதம் வேறு இல்லை. எட்டுப் பேருக்கு: துவரம்பருப்பு 100 கிராம், உரித்த மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி, அவரை தலா 100 கிராம், பரங்கி 150 கிராம், புளி எலுமிச்சை அளவு, சாம்பார்ப் பொடி இரண்டு மேசைக்கரண்டி.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் பரங்கி கரைந்து போயிருக்கும், மொச்சை பல்லில் நறுக்கென்று கடிபடும். மொச்சையும் சேனையும் முதலில், அவை முக்கால் பதம் வந்ததும் அவரை, ஐந்து நிமிடம் கழித்துச் சர்க்கரைவள்ளி, பரங்கி கடைசியில். புளிக்கரைசலை மொச்சை நசுங்குகிற பதத்துக்கு வந்த பிறகே ஊற்ற வேண்டும். புளிப்பு பட்டால் காயும் பருப்பும் இறுகிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் மசியாது. பருப்பு வேகவில்லை என்றால் கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். பருப்புப் பழசாக இருக்கலாம், மறுப்பதற்கில்லை; ஆனால் ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரில் வேகவைத்தாலும் இதே கதைதான். குடிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்த பருப்பு சிக்கல் தரவில்லை.

சேனை நறுக்கும் பிள்ளைகள் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். நறுக்கிய துண்டுகளைப் பத்து நிமிடம் நீர்த்த புளித்தண்ணீரில் போட்டு அலசினால் அரிப்பு அடங்கும். கையில் அரிப்பு வந்துவிட்டால் புளித்தண்ணீரில் கழுவலாம். கண்ணில் கை வைக்கக் கூடாது.

கத்தி, அடுப்பு, தீ

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கத்தி கிடையாது. கீரை ஆய்வது, மொச்சை உரிப்பது, பூண்டு உரிப்பது, வாழைப்பூவில் கள்ளன் என்ற வேகாத நரம்பை எடுத்துவிட்டுப் பூவை மோரில் போடுவது. கடைசியாகச் சொன்னதில் ஒரு வகுப்பே ஓடிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து கத்தியும் பலகையும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரிக்காவிட்டால் வழுக்கும். அரிவாள்மனை வேண்டும் என்று பாட்டிமார் கேட்கிறார்கள். அது நல்ல கருவிதான், ஆனால் நிமிர்ந்து நிற்கும் அலகைச் சுற்றி ஆறு பிள்ளைகள் நடமாடும் அறைக்கு ஏற்றதல்ல. எட்டாம் வகுப்பிலிருந்து அடுப்பு.

தாளிப்பில்தான் கை சுடுகிறது. கழுவிய கறிவேப்பிலையைத் துணியில் ஒற்றி எடுக்காமல் போட்டால் எண்ணெய் தெறிக்கும். சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, இங்க், மாவு எதுவும் கூடாது.

நிலுவையில் உள்ளவை

மாங்காயும் நுங்கும் வேப்பம்பூவும் வரும்போது பள்ளி மூடியிருக்கிறது. வேப்பம்பூவை வெயிலில் காயவைத்து ஜூனில் பயன்படுத்தினோம். மாங்காய்க்கு அது சரிவராது. மேலும், சத்துணவுக் கூடத்தைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். அது பணியாளர்களின் பொறுப்பில் உள்ள இடம். காலை உணவும் மதிய உணவும் அங்கே நேரத்துக்கு ஆக வேண்டும். நம் வகுப்பு அதற்குள் புகுவது முறையல்ல.

எனவே மூன்று தீர்மானங்களுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். ஒன்று, மே மாதத்தில் இரண்டு வாரம் கோடை வகுப்பு. இரண்டு, எரிவாயு ரப்பர் குழாய்களின் மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து, ஐந்து ஆண்டு ஆனவற்றை ஜூனுக்கு முன் மாற்றுவது. மூன்று, இடம் தர முன்வந்துள்ள பள்ளிகளில் ஆடியில் அவரையும் மொச்சையும் விதைப்பது. விதைக்கும் பந்தல் கயிற்றுக்கும் ஆகும் செலவு பொருளாளரின் மதிப்பீட்டில் உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்