சொக்குவுக்கு, பர்மாக் கணக்கு பற்றி

அன்புள்ள சொக்கு,

ஆடியில் வந்த உன் கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குச் சம்பந்தம் பேசியாகிவிட்டது, தேதி குறித்ததும் முதல் தகவல் உனக்குத்தான். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? பந்தியில் ஜாங்கிரியை இலைக்கு அடியில் ஒளிக்கிற வேலையை இன்னும் விடவில்லை என்று உன் வீட்டு ஆச்சி போனில் சொன்னார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "பர்மாக்காரன் நிலத்தைப் பிடுங்கித்தானே நம் ஊரில் இத்தனை பெரிய வீடுகளைக் கட்டினார்கள்." அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பர்மாவில் வட்டிக்கடை வைத்த நம் செட்டியார்கள் உத்தமர்கள் என்று வாதாட வரவில்லை. ஆனால் நடந்தது நீ சொல்கிற வரிசையில் நடக்கவில்லை.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 1930க்கு முன்பே எழுந்துவிட்டன. அந்தக் காசு வட்டியில் வந்த காசு. 1852இல் வெள்ளைக்காரன் கீழ்ப்பர்மாவைப் பிடித்தான், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐராவதிக் கழிமுகத்துக் காடெல்லாம் நெல் வயலானது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. காடு வெட்ட, மாடு வாங்க, கூலி கொடுக்க அந்தக் குடியானவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார பாங்குக்காரன் அவனை வாசலில்கூட நிற்க விடமாட்டான். நம் ஆள் கிராமம் வரை போய் லேவாதேவிக் கடை, அதாவது வட்டிக்கடை, போட்டான். பர்மாவில் செட்டியார்கள் போட்டிருந்த பணம் 75 கோடி ரூபாய் என்று 1930 வாக்கில் அரசாங்க விசாரணைக் குழு கணக்கிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

அப்புறம்தான் இடி விழுந்தது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ரங்கூனில் நெல் விலை தலைகுப்புற விழுந்து, சீக்கிரமே பழைய விலையில் பாதிக்கும் கீழே போனது. சொக்கு, இந்த இடத்தை நிதானமாக யோசித்துப் பார். நூறு கூடை நெல் விற்றால் அடையும் என்று நம்பி வாங்கிய கடன். இப்போது இருநூறு கூடை விற்றாலும் அடையாது. பத்திரத்தில் எழுதிய தொகையில் ஒரு காசு கூடவில்லை, ஆனால் கடன் இரண்டு மடங்காகிவிட்டது. வட்டிக்கு விட்டவனும் ஏமாற்றவில்லை, வாங்கியவனும் ஏமாற்றவில்லை.

வரியாவது குறைந்ததா? கீழ்ப்பர்மாவில் கல்யாணமான ஆணுக்குத் தலைவரி 5 ரூபாய். நெல் விலை என்ன ஆனாலும் அந்த 5 ரூபாய் ரொக்கமாக வைக்க வேண்டும். 1930 டிசம்பரில் கீழ்ப்பர்மாவின் தாராவாடி மாவட்டத்து ஜனங்கள் வரியைத் தள்ளிவைக்கக் கேட்டார்கள், அரசாங்கம் மறுத்தது. உடனேயே சயா சான் என்பவர் தலைமையில் கலகம் மூண்டது. அடக்க இரண்டு வருஷம் பிடித்தது. அவரையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள்.

ரூபாய் மதிப்பை இங்கிலீஷ் காசில் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று 1927இல் உசத்திக் கட்டிவைத்து, அதனால் நெல்லுக்கு ரூபாயில் வரும் விலை இன்னும் குறைய, விலைகள் இந்த அளவுக்கு விழுந்த பிறகும் இறக்க மறுத்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். அவர்களை எந்தக் குடியானவன் பார்த்தான்? அவன் கண்ணுக்குத் தெரிந்தது கடையில் பணப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நம் ஆளும், ரங்கூன் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளிகளும்தான். 1930 மே மாதம் அந்தத் துறைமுகத்தில், முதலாளிகள் பர்மியரைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டு, தெலுங்கரோடு சமரசம் ஆனதும் திருப்பி அனுப்பினார்கள். ஏழைக்கும் ஏழைக்கும் மூண்ட அந்தக் கலவரத்தில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

இனி நிலத்துக்கு வா. நம் ஆள் கொடுத்ததெல்லாம் அவன் சொந்தப் பணமா என்ன? பாங்கிலும் வாங்கியிருந்தான், தேவகோட்டையில் யாரோ ஒரு ஆச்சியின் சீதனப் பணமும் அதில் இருந்தது. மேலே இருப்பவன் கேட்டால் கீழே இருப்பவனை நெருக்கித்தான் ஆகவேண்டும். ரொக்கம் வராத இடத்தில் நிலம் வந்தது. முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதம் நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம், கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர். நெல்லுக்கு விலை இல்லாதபோது அந்த நிலத்தை யார் வாங்குவார்கள்? சொந்த வயலில் உழுதவன் அதே வயலில் குத்தகைக்காரனானான், நம் ஆள் விற்க முடியாத மண்ணுக்குச் சொந்தக்காரனானான். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் ஓட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. எங்கள் ஐயா பர்மாவில் பெகு ஊர்க் கடையில் அடுத்தாளாக (முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக) இருந்து கொண்டுவந்த பத்திரங்கள் இன்னும் பெட்டகத்தில் இருக்கின்றன. ஒரு சல்லி தேறவில்லை.

ஆனாலும் ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. விலை பாதியானபோது கடனையும் பாதியாகத் தள்ளியிருக்க வேண்டும். வட்டிமேல் வட்டி ஏற்றி ஐந்தொகையில் (வரவு செலவு, சொத்து கடன் கணக்கில்) லாபம் காட்டியவர்கள் இருந்தார்கள். கொடுத்தவனாகத் தள்ளமாட்டான் என்றால் சட்டம் தள்ள வேண்டும். நம் சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய வட்டியை வெட்டினார். அதை 1931இல் பர்மாவில் செய்திருந்தால் குடியானவனிடம் நிலம் இருந்திருக்கும், நம்மவர்களுக்கும் போட்ட முதலில் பாதியாவது கையில் வந்திருக்கும் என்பது என் கட்சி. நீ மறுத்தால் காரணத்தோடு மறு, "வட்டிக்காரன் பேரன் அப்படித்தான் பேசுவான்" என்று தப்பிக்காதே.

உன் வீட்டுச் சாமான்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போடப் போவதாகத் தம்பி சொன்னான். மேசை நாற்காலி போகட்டும். பேரேடு, கடுதாசி, பத்திரம் எதையும் எடைக்குப் போட்டுவிடாதே. தை மாதம் நான் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன். உங்கள் அயித்தையிடம் ரங்கூனில் நம்மவர்கள் கடை வைத்திருந்த மொகல் தெருக் கதைகளையும் கேட்டு எழுதி வை, அவர்களுக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே.

அன்புடன்,
ராமு